மின்செலவு குறைந்த கிராபிக்ஸ் கார்டு: அன்றாடப் பயன்பாட்டுக்கு எது போதும்?

கேள்வி:
என் கணினியில் இருப்பது இன்டெல் ஐ5-10400எஃப் பிராசஸர். பெயரின் கடைசியில் எஃப் இருப்பதால் அதற்குச் சொந்தமாகக் கிராபிக்ஸ் கிடையாது. பழைய கார்டு பழுதாகிவிட்டது. கேபினட் ஒல்லியானது என்பதால் லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) கார்டுதான் உள்ளே நுழையும். 300 வாட் பவர் சப்ளையில் கார்டுக்குத் தனியாக மின்சாரம் தரும் 6 பின் இணைப்பும் இல்லை. பிரவுசர், அலுவலகக் கோப்புகள், யூடியூப் ஆகியவற்றைத் தாண்டி எதுவும் செய்வதில்லை. இரண்டு மானிட்டர்களில் ஒன்று 4கே. ஜிடி 1030, ஆர்எக்ஸ் 6400 ஆகிய இரண்டில் எதை வாங்கலாம்?

பதில் 1:
6 பின் இணைப்பு இல்லாதது ஒரு தடையே அல்ல. கார்டைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டே 75 வாட் வரை கொடுக்கும். ஜிடி 1030க்கு 30 வாட்டும் ஆர்எக்ஸ் 6400க்கு 53 வாட்டும் போதும். ஆனால் ஜிடி 1030 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் உலவுகின்றன. 2017இல் வந்ததில் ஜிடிடிஆர்5 மெமரி, 2018இல் வந்ததில் டிடிஆர்4. முதலாவது நொடிக்கு 48 ஜிபி தரவைக் கடத்துகையில் இரண்டாவது ஏறத்தாழ 17 ஜிபியுடன் நின்றுவிடும். மெமரி வகையைப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஜிடி 710 மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்: அதன் எச்டிஎம்ஐ 1.4 வழியாக 4கே திரைக்கு 30 ஹெர்ட்ஸ்தான் (நொடிக்கு 30 படங்கள்) கிடைக்கும், மவுஸை நகர்த்தும்போதே அம்புக்குறி விட்டுவிட்டு நகர்வது தெரியும்.

பதில் 2:
விளையாட்டு ஆடாதவருக்கு வேகத்தைவிட வீடியோ டிகோடிங்தான் (சுருக்கி அனுப்பப்படும் வீடியோவை விரித்துக் காட்டுவது) முக்கியம். யூடியூப் இப்போது பல வீடியோக்களை ஏவி1 என்ற சுருக்க வடிவில் அனுப்புகிறது. அதை டிகோட் செய்யும் வசதி நீங்கள் குறிப்பிட்ட இரண்டு கார்டுகளிலுமே இல்லாததால் வேலை முழுவதும் பிராசஸர் தலையில் விழும். 1080பி வீடியோவில் இது தெரியாது, 4கே வீடியோவில் விசிறிச் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். (2022இல் வெளியான ஆர்எக்ஸ் 6400இல் இந்த வசதியைச் சேர்க்காமல் விட்டது என்ன சிக்கனமோ!) ஆகவே இன்டெல் ஆர்க் ஏ310ஐப் பாருங்கள்; அதுவும் 75 வாட்டுக்குள் அடங்கும், ஏவி1 டிகோடிங்கும் உண்டு. பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புப் பக்கம்) ரீசைசபிள் பார் வசதி, அதாவது கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே சமயத்தில் அணுகும் வசதி இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் உறுதிசெய்யுங்கள்.

கேட்டவர்:
அந்த வசதி இருக்கிறது. கணினி நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும்.

பதில் 3:
அப்படியானால் ஆர்க் வாங்குமுன் யோசியுங்கள். பயாஸில் ஏஎஸ்பிஎம் அமைப்பை (வேலையில்லாதபோது ஸ்லாட் இணைப்பின் மின்செலவைக் குறைப்பது) இயக்கி, விண்டோஸின் பவர் அமைப்புகளில் லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்டையும் அதிகபட்சச் சேமிப்பில் வைக்காவிட்டால், சும்மா இருக்கும்போதும் அது தேவைக்கு மேல் மின்சாரம் இழுக்கும். 4கே வீடியோ எப்போதாவதுதான் என்றால் நான் ஜிடிடிஆர்5 உள்ள ஜிடி 1030ஐயே எடுப்பேன். ஃபயர்ஃபாக்ஸின் மேம்பட்ட அமைப்புகளில் (about:config) ஏவி1ஐ அணைத்துவிட்டால் யூடியூப் விபி9 என்ற பழைய வடிவில் அனுப்பும், அதை இந்தக் கார்டு தானே டிகோட் செய்துகொள்ளும். சில மாடல்களில் எச்டிஎம்ஐயுடன் டிவிஐ, சிலவற்றில் டிஸ்ப்ளேபோர்ட் என்று வேறுபடும். இரண்டாவது மானிட்டருக்குப் பொருந்துவதையும், பெட்டியில் ஒல்லியான கேபினட்டில் கார்டைப் பொருத்துவதற்கான குட்டையான பிராக்கெட் இருப்பதையும் பார்த்து வாங்குங்கள்.