தகான்கா நாடக அரங்கில் கழிந்த மாலைகள்: அனுபவப் பகிர்வு

முதற்பதிவு

2012 நவம்பரில் அலுவல் நிமித்தம் மாஸ்கோவில் இரண்டு வாரம் தங்க நேர்ந்தது. கிரெம்ளினைப் பார்க்கிறேனோ இல்லையோ, தகான்கா நாடக அரங்கில் ஒரு நாடகமாவது பார்த்துவிட வேண்டும் என்று புறப்படும்போதே தீர்மானித்திருந்தேன். தகான்ஸ்கயா மெட்ரோ நிலையத்திலிருந்து வெளியே வந்ததும் கண்ணில் பட்ட பெரிய செங்கல் கட்டடத்துக்குள் நுழைந்து, நுழைவுச்சீட்டை நீட்டினேன். வாசலில் இருந்த அம்மையார் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, எனக்கு முன்பே எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பழகிய பொறுமையோடு பக்கத்துக் கட்டடத்தைக் காட்டினார். ஒரே பெயரைப் பங்குபோட்டுக்கொண்ட இரண்டு நாடகக் குழுக்கள் அப்போது அடுத்தடுத்த கதவுகளில் இயங்கிவந்தன என்பதை நான் அறிந்துகொண்டது இப்படித்தான்.

பழைய கட்டடம் 1911-இல் திரைப்படக் கொட்டகையாகக் கட்டப்பட்டது. 1964 ஏப்ரலில் இயக்குநர் யூரி லியுபீமொவ், ஷூகின் நாடகப் பள்ளியில் தம்மிடம் பயின்ற மாணவர்களையும், அவர்கள் படிப்பின் முடிவில் அரங்கேற்றிய ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் ‘செசுவானின் நல்ல மனிதர்’ நாடகத்தையும் கையோடு அழைத்துவந்து இங்கே தொடங்கியதுதான் இன்று நாம் சொல்லும் தகான்கா. செங்கல் கட்டடமாகிய புதிய அரங்கு 1980-களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்த லியுபீமொவ் நாடு திரும்பிய பின் குழுவுக்குள் மூண்ட சச்சரவில், 1990-களின் முற்பகுதியில் நடிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். நடிகர் நிக்கொலாய் குபென்கோவின் பக்கம் நின்றவர்களிடம் புதிய அரங்கு போயிற்று. பழைய கட்டடம் லியுபீமொவிடம் நின்றது. 2020-இல் குபென்கோ மறைந்த பிறகுதான் இரண்டும் மறுபடி ஒரு குடையின் கீழ் வந்தன.

ரஷ்ய அரங்குகளில் மேலங்கியோடு உள்ளே போக முடியாது. அதை ஒப்படைத்து, எண் பொறித்த வில்லையை வாங்கிக்கொள்ள வேண்டும். என் மேலங்கியின் கழுத்துப்பகுதியில் கொக்கியில் மாட்டுவதற்கான சிறு துணி வளையம் அறுந்திருந்ததை அங்கிருந்த பாட்டி கண்டுபிடித்து, ஏதோ சொல்லித் தலையை ஆட்டினார். நாடகம் முடிந்து திரும்ப வாங்கியபோது, வளையம் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஊக்கு குத்தியிருந்தது. அந்த ஊக்கை நான் இன்னும் எடுக்கவில்லை.

முகப்புக் கூடத்தில் நான்கு உருவப்படங்கள் உண்டு: பிரெக்ட், ரஷ்ய நாடக இயக்குநர்களான மேயர்ஹோல்ட், வக்தாங்கொவ், ஸ்தனிஸ்லாவ்ஸ்கி. முதலில் மாட்டப்பட்டவை மூன்றுதான் என்றும், அதிகாரிகளின் வற்புறுத்தலால் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி நான்காவதாகச் சேர்க்கப்பட்டார் என்றும் சொல்வார்கள். மேயர்ஹோல்ட் 1940-இல் ஸ்டாலின் ஆட்சியில் சுட்டுக் கொல்லப்பட்டவர். 1955-இல்தான் அவர்மீதான பழி சட்டப்படி நீக்கப்பட்டது. அது நடந்து பத்து ஆண்டுகூட முழுதாக ஆகாத நேரத்தில் அவர் படத்தை முகப்பில் மாட்டுவது எளிய செயலன்று.

அன்று நான் பார்த்ததும் ‘செசுவானின் நல்ல மனிதர்’ நாடகமே. எனக்குத் தெரிந்த ரஷ்ய மொழி கடைக்குப் போய்வரத்தான் போதும். ஆனாலும் கதை முன்பே தெரிந்திருந்ததால் தடுமாறவில்லை. அலங்காரம் என்று சொல்ல மேடையில் அநேகமாக எதுவும் இல்லை. நல்லவளான ஷென் தே, கறாரான அத்தைமகன் ஷுய் தாவாக மாறுவதற்கு ஒரு தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போதுமாக இருந்தன. நடிகர்கள் நம்மை நேராகப் பார்த்துப் பாடினார்கள், கேள்வி கேட்டார்கள். என் கண் மட்டும் அடிக்கடி மேடையின் பின்சுவருக்கே போய்க்கொண்டிருந்தது. 1971 நவம்பரில் ‘ஹாம்லெட்’ அரங்கேறியபோது, பார்வையாளர்கள் உள்ளே வந்து அமரும் வேளையிலேயே ஹாம்லெட்டாக நடித்த பாடகர் விளதீமிர் விஸோத்ஸ்கி கித்தாருடன் அந்தச் சுவரோரம்தான் உட்கார்ந்திருப்பாராம். பிறகு எழுந்து முன்னால் வந்து, அன்றைய சோவியத் நாட்டில் அச்சேற முடியாதிருந்த, கவிஞர் பாஸ்டர்நாக்கின் ‘ஹாம்லெட்’ கவிதையைப் பாடித்தான் நாடகத்தைத் தொடங்குவார்.

அந்த நாடகத்துக்கு மேடை வடிவமைப்பாளர் டேவிட் பொரோவ்ஸ்கி வடிவமைத்தது கையால் நெய்த கனத்த கம்பளித் திரை. அது மேடையை மூடுவதற்கான திரையன்று. எல்லாத் திசையிலும் நகர்ந்து, மனிதர்களை ஒளித்து, தாங்கி, கடைசியில் துடைத்தெறிந்துவிடும் திரை. 1980 ஜூலை 18 அன்று விஸோத்ஸ்கி கடைசியாக ஹாம்லெட்டாக நடித்தார். 25-ஆம் தேதி, ஒலிம்பிக் போட்டிகள் நடந்துகொண்டிருந்தபோது, 42 வயதில் இறந்துபோனார். 27-ஆம் தேதி நடக்கவிருந்த காட்சிக்குச் சீட்டு வாங்கியிருந்தவர்கள் பணத்தைத் திரும்பப் பெற வரவில்லை, சீட்டுகளைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள் என்று இன்றும் பேசிக்கொள்கிறார்கள். மறுநாள் இந்தக் கட்டடத்திலேயே அவருக்கு இறுதி விடை கொடுத்தார்கள்.

உங்களில் யாரேனும் லியுபீமொவின் காலத்தில் அங்கே போனதுண்டா?

மறுமொழி

ஐயா, நான் 1987 முதல் மாஸ்கோவில் பொறியியல் படித்தவன். லியுபீமொவ் நாடு திரும்பிய காலத்தை அங்கிருந்தே பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது என்பதால் எழுதுகிறேன்.

தகான்கா என்ற பெயர் எனக்கு ஒரு புத்தகத்தின் வழியாக வந்தது. போர்முனைப் பெண்களைப் பற்றி வஸீலியெவ் எழுதிய ‘அதிகாலையின் அமைதியில்’ தமிழில் சோவியத் வெளியீடாகக் கிடைத்ததை நம்மில் பலர் பள்ளி நாட்களிலேயே படித்திருப்போம். அதை 1971-இல் தகான்காவில் நாடகமாக்கினார்கள் என்று எங்கள் ரஷ்ய மொழி ஆசிரியை ஒரு நாள் வகுப்பில் சொன்னார். மேடையில் இருந்தது ஒரே ஒரு லாரியின் பலகைப் பெட்டி. அதன் பலகைகளே பிரிந்து குளியலறைச் சுவராகவும், காட்டு மரங்களாகவும், சதுப்பு நிலமாகவும் மாறுமாம். பெண்கள் ஒவ்வொருவராக மடிந்து முடிந்த பின், வெளியேறும் வழியில் பீரங்கிக் குண்டின் வெற்று உறைகளில் சுடர்கள் எரிந்துகொண்டிருந்தனவாம். “அவற்றைக் கடந்து படியிறங்கும்போது யாரும் பேசவில்லை” என்றவர் பாடத்தை அத்தோடு நிறுத்திவிட்டார்.

1984-இல் லியுபீமொவ் வெளிநாட்டில் இருந்தபோது அவருடைய சோவியத் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1988 மே மாதம் அவர் விருந்தினராக மாஸ்கோவுக்கு வந்தார். அடுத்த ஆண்டு குடியுரிமை திரும்பக் கிடைத்தது. 1982-இல் தடை செய்யப்பட்ட ‘போரிஸ் கொதுனோவ்’ அந்த 1988-இல்தான் பொதுமக்கள் முன் மேடையேறியது. அன்று மெட்ரோ வாசலிலேயே, “உங்களிடம் ஒரு சீட்டு மிஞ்சியிருக்கிறதா?” என்று ஆட்கள் வழிமறித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் அவர்களில் ஒருவனாக நான்கு மாலை நின்றேன். ஐந்தாவது மாலை, தோழி வராததால் தனியே நின்ற ஒரு பெண்மணி எனக்குச் சீட்டைக் கொடுத்தார். அச்சிட்டிருந்த விலைக்கு மேல் ஒரு கோபெக்கும் வாங்க மறுத்துவிட்டார்.

புஷ்கினின் அந்த நாடகத்தில், கொலை நடந்து முடிந்த பிறகு ஒருவன் கூட்டத்தைப் பார்த்து, “ஏன் மௌனமாக நிற்கிறீர்கள்? புதிய ஜார் வாழ்க என்று முழங்குங்கள்” என்கிறான். மக்கள் வாயடைத்து நிற்கிறார்கள் என்பதே அச்சில் நாம் காணும் கடைசி வரி. தகான்காவில் அந்தக் கேள்வி மேடைக் கூட்டத்திடம் கேட்கப்படவில்லை. அரங்கில் அமர்ந்திருந்த எங்களைப் பார்த்துக் கேட்கப்பட்டது. எனக்கு இடப்பக்கம் இருந்த முதியவர் மடியில் வைத்திருந்த தொப்பியை இரு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். யாரும் இருமக்கூட இல்லை. ஆறு ஆண்டுக்கு முன்பு அதிகாரிகள் எதற்காக அஞ்சினார்கள் என்று எனக்கு அப்போது விளங்கியது. கைதட்டல் எழ நெடுநேரம் ஆயிற்று.

இன்னொன்று. நீங்கள் தவறிப்போய் நுழைந்த அந்தப் புதிய அரங்கில்தான் 1981-இல் செகோவின் ‘மூன்று சகோதரிகள்’ நடந்தது. அரங்கின் சுவர் விலகித் திறக்க, வெளியே உண்மையான மாஸ்கோத் தெரு தெரியுமாம். மாஸ்கோவுக்குப் போக வேண்டும் என்று ஏங்கித் தவிக்கும் பெண்களின் கதை அது. அதை நான் பார்க்கவில்லையே என்ற குறை எனக்கு இன்றும் உண்டு.

மறுமொழி

நான் நாடகங்களுக்கு விளக்கு அமைப்பவன். நடிகர்களைப் பற்றி நீங்கள் இருவரும் எழுதிவிட்டதால், என் தொழில் சார்ந்த ஒரு செய்தியை மட்டும் சேர்க்கிறேன். போரில் மாண்ட கவிஞர்களைப் பற்றி 1965-இல் தகான்கா அரங்கேற்றிய நாடகத்தின் வழியாகப் பெயர்பெற்றது அதன் ஒளித்திரை. மேடை முனையின் தரையில் விளக்குகளை வரிசையாகப் பதித்து, கற்றைகளைக் கீழிருந்து பார்வையாளர் பக்கமாகச் சாய்த்து மேலே எழுப்புவார்கள். துணித்திரை இல்லாமலே பின்னால் இருப்பது மறைந்துவிடும். அந்த மறைப்பில் நடிகர்கள் நகர்ந்து இடம் மாறிக்கொள்வார்கள்.

2008-இல் அங்கே ஒரு நாடகம் பார்த்தபோது வேண்டுமென்றே இரண்டாவது வரிசையில் இடம் கேட்டு வாங்கினேன். கற்றை எழுந்ததும் எனக்கு முதலில் தெரிந்தது தூசி. மேடைப் பலகையிலிருந்து காலடிகள் கிளப்பிய தூசி அந்த வெளிச்சத்தில் மெல்ல மேலேறிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் ஆறேழு பேர் நிற்கிறார்கள் என்று தெரிந்தும், எவ்வளவு கூர்ந்து பார்த்தும் ஒருவரைக்கூட என்னால் காண முடியவில்லை. விளக்கு அணைந்தபோது மேடையில் யாருமே இல்லை.