இடது மேலறைக்குப் பின்னால் கறுப்பு வட்டம், என்ன இது? (கொஞ்சம் அவசரம்)

ஜெல்பாட்டில்:
வணக்கம். கார்டியாக் டெக்னாலஜி இரண்டாம் வருடம் படிக்கிறேன். மதியம் ஒரு எக்கோவில் (இதய அல்ட்ராசவுண்ட்), லாங் ஆக்சிஸில் (இதயத்தை நீளவாக்கில் காட்டும் கோணம்), இடது மேலறைக்குப் பின்னால் பெரிதாக ஒரு கறுப்பு வட்டம். இறங்கும் அயோர்ட்டா (மார்பில் கீழே இறங்கும் பெருந்தமனி) என்று எழுதிவிட்டேன். சார் பார்த்துவிட்டு "அப்படியா? நாளைக்குள் நீயே கண்டுபிடி" என்று சொல்லிப் போய்விட்டார். படம் இணைத்திருக்கிறேன், யாராவது சொல்லுங்கள்.

ஐசியூஅக்கா:
முதலில் அந்தப் படத்தைத் தூக்குங்கள், மேல் மூலையில் நோயாளியின் பெயர் அப்படியே தெரிகிறது. அப்புறம், வயது என்ன? எதற்காக எக்கோ கேட்டார்கள்? டெப்த் எத்தனை? இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தீர்களா, மல்லாக்கவா? ஒன்றுமே சொல்லாமல் கறுப்பு வட்டம் என்றால் எப்படி?

மதுரக்காரன்:
நீர்தான். இதயத்தைச் சுற்றிய உறையான பெரிகார்டியத்தில் நீர் கோத்திருக்கும். போன மாதம் எங்களிடம் வந்ததும் இதே மாதிரிதான்.

ஐசியூஅக்கா:
நீர் உருண்டையாகவா நிற்கும்? பட்டையாகப் பரவும். பெரிகார்டிய நீர் இறங்கும் அயோர்ட்டாவுக்கு முன்பக்கமாக மெலிந்து முடியும், நுரையீரல் உறையில் உள்ள நீர் அதற்குப் பின்னால் போகும்.

கலர்டாப்ளர்:
ஹயாட்டஸ் ஹெர்னியாவாகவும் இருக்கலாம். வயிறு மேலே ஏறி இடது மேலறையைப் பின்னாலிருந்து முட்டும். ஒரு வாய் சோடா குடிக்கக் கொடுத்துப் பாருங்கள், உள்ளே குமிழி மின்னும். சிரிக்காதீர்கள், நிஜமாகவே செய்வதுதான்.

பழையஎம்மோட்:
தம்பி, மெஷினைத் தொடுவதற்கு முன் அறுத்த இதயம் ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. நாங்களெல்லாம் எம்-மோடில் ஒற்றைக் கதிர் வரையும் கோட்டை மட்டும் வைத்து மைட்ரல் வால்வுச் சுருக்கம் சொன்னவர்கள். வட்டம் பெரிகார்டியத்துக்கு உள்ளேயா, வெளியேயா? மேலறையும் கீழறையும் சேரும் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு, மைட்ரல் வளையத்தோடு சேர்ந்து ஆடினால் அது கொரோனரி சைனஸ், இதயத் தசையின் ரத்தத்தை வலது மேலறைக்குக் கொண்டு போகும் சிரை. பெரிகார்டியத்தின் வெள்ளைக் கோட்டைத் தாண்டி, இதயம் துள்ளும்போது கூடவே துள்ளாமல் கிடந்தால் அயோர்ட்டா. இதைக்கூடவா சொல்லித் தர வேண்டும்?

ஜெல்பாட்டில்:
சாரி, படத்தை எடுத்துவிட்டேன். 34 வயது, பெண், படபடப்பு. டெப்த் 16 செ.மீ., ஒருக்களித்துத்தான். கிளிப்பை மறுபடி ஓட்டினேன். வட்டம் பள்ளத்தில்தான் இருக்கிறது, வளையத்தோடு ஆடுகிறது. அதற்குப் பின்னால் கோட்டுக்கு வெளியே இன்னொரு வட்டமும் இருக்கிறது, அதை நான் கவனிக்கவே இல்லை. ஆனால் கொரோனரி சைனஸ் இவ்வளவு பெரிதாகவா இருக்கும்?

ஐசியூஅக்கா:
சாதாரணமாக 1 செ.மீ.கூட வராது. வலது மேலறையில் அழுத்தம் ஏறினால் பெருக்கும். அது இல்லை என்றால் இடப்பக்க மேற்பெருஞ்சிரை. தலை, கை ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் சிரை அது. கருவில் இரண்டு பக்கமும் இருக்கும், பிறகு இடது பக்கம் மறைந்துவிடும். ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்கு மறையாமல் நின்றுவிடும், அப்போது இடக்கை ரத்தம் கொரோனரி சைனஸ் வழியாகத்தான் பெரும்பாலும் வலது மேலறைக்கு வரும். வென்ஃப்ளான் (சிரையில் போடும் ஊசிக்குழாய்) எந்தக் கையில்?

ஜெல்பாட்டில்:
வலக்கையில்.

ஐசியூஅக்கா:
பிரயோஜனமில்லை. எக்கோவில் வெள்ளையாக மின்னும் குமிழி கலந்த சலைன் விட்டுப் பார்க்க வேண்டும், வலக்கையில் விட்டால் குமிழி நேராக வலது மேலறைக்குப் போய்விடும். இடக்கையில் போடச் சொல்லுங்கள். 9 மி.லி. சலைன், 1 மி.லி. காற்று, இரண்டு சிரிஞ்ச், நடுவில் மூன்று வழித் திருகான த்ரீவே. வெளுத்துக் கலங்கும் வரை வேகமாக முன்னும் பின்னும் தள்ளி, கண்ணுக்குத் தெரிகிற குமிழி எதுவும் மிஞ்சாமல் பார்த்து, உடனே செலுத்த வேண்டும். இதை டாக்டர் செய்யட்டும், நீங்கள் புரோபை மட்டும் பிடியுங்கள். வட்டம் முதலில் வெளுத்து, அப்புறம் வலது மேலறை வெளுத்தால் முடிந்தது.

மதுரக்காரன்:
இவ்வளவு எதற்கு? ஒரு சிடி எடுத்தால் போச்சு.

பழையஎம்மோட்:
எதற்கெடுத்தாலும் சிடி! 1953இல் ஸ்வீடனின் லுண்டில் எட்லரும் ஹெர்ட்சும் உலோகத்தில் விரிசல் தேடுகிற கருவியைக் கடன் வாங்கித்தான் இதயத்தைப் பார்த்தார்கள்.

கலர்டாப்ளர்:
அதிர்வெண் அலகுக்குப் பெயர் தந்த ஹெர்ட்ஸின் பேரன்தானே அந்த ஹெர்ட்ஸ்?

பழையஎம்மோட்:
பேரன் இல்லை. தம்பி மகன் குஸ்டாவ், 1925க்கான நோபல் வாங்கியவர். அவருடைய மகன் இவர். சரியாகத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

கலர்டாப்ளர்:
தம்பி மகனின் மகன் எங்கள் ஊரில் பேரன் முறைதான் சார்.

பழையஎம்மோட்:
லுண்டு உங்கள் ஊரில் இல்லை.

ஜெல்பாட்டில்:
இடக்கையில் விட்டுப் பார்த்தோம். வட்டம் முதலில் வெளுத்தது, அப்புறம்தான் வலது மேலறை. சார் ஒன்றும் சொல்லவில்லை, ரிப்போர்ட்டை மறுபடி எழுதச் சொன்னார். நன்றி அக்கா.

ஐசியூஅக்கா:
நல்லது. ரிப்போர்ட்டில் தெளிவாக எழுதுங்கள், நாளைக்கு இவருக்குப் பேஸ்மேக்கர் வைக்க வேண்டி வந்தால், இடத்தோள் வழியாக வயர் விடுகிறவர் தெரியாமல் திணறுவார். வலது மேற்பெருஞ்சிரை இருக்கிறதா என்று பார்த்தீர்களா?

ஐசியூஅக்கா:
ஜெல்பாட்டில்?

மதுரக்காரன்:
அப்போ நீர் இல்லையா?