இசகாயாவில் வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடாதவர் என்ன ஓடர் பண்ணுவது?

வெள்ளவத்தை_வாணி:
எங்கள் ஜப்பானிய மனேஜர் வருகிற வெள்ளி இரவு எல்லோரையும் கொள்ளுப்பிட்டிப் பக்கம் ஒரு இசகாயாவுக்கு, அதாவது குடியோடு குட்டித் தட்டுகளில் சாப்பாடு தரும் ஜப்பானியக் கடைக்கு, கூட்டிப் போகிறார். வெள்ளியில் நான் மச்சம் தொடமாட்டேன், முட்டையும் இல்லை. குடியும் கிடையாது. மெனுவைப் போனில் பார்த்தேன். மரக்கறி, தோஃபு (சோயாப் பால் கட்டி) என்று கொஞ்சம் இருக்கிறது. நம்பிச் சொல்லலாமா? சும்மா குந்திக்கொண்டிருந்தால் மனுசன் மனம் நோகுமே.

ஒசாக்கா_அடுப்படி:
நம்பாதீர்கள் தங்கச்சி. ஒசாக்காவில் இசகாயா அடுப்படியில் நின்றவன் சொல்கிறேன், மரக்கறிச் சாப்பாட்டுக்குள்ளேயே மீன் ஒளிந்திருக்கும். எல்லாம் தாஷி செய்கிற வேலை. கொம்பு என்ற கடற்பாசியையும் கட்சுவோபுஷியையும் போட்டு இறக்கும் சாறு அது. கட்சுவோபுஷி நாங்கள் சம்பலுக்கு இடிக்கிற மாசிக்கு ஒன்றுவிட்ட சகோதரம். இரண்டும் சூரைதான். மிசோ என்ற சோயா விழுதில் செய்யும் சூப்பில் தாஷி, அகெதாஷி தோஃபுவுக்கு, அதாவது பொரித்த தோஃபுவுக்கு, ஊற்றும் சாற்றில் தாஷி, மாவில் தோய்த்துப் பொரிக்கிற டெம்புராவுக்குத் தரும் சோஸிலும் தாஷி. டெம்புரா மாவில் பெரும்பாலும் முட்டை வேறு.

கம்பியில் குத்திச் சுடுகிற மரக்கறிக்கு உப்பா, தாரேயா என்று கேட்பார்கள். தாரே என்பது சோயா சோஸ், மிரின் என்ற இனிப்பு அரிசி மது, சாகே என்ற அரிசி மது எல்லாம் வற்றக் காய்ச்சியது. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சாடியில் இருக்கும். கோழித்தோல் கம்பியை அதற்குள் முக்கி எடுத்த கையோடு கத்தரிக்காயையும் முக்குவோம். எட்டிப் பார்த்தால் மேலே கோழி நெய் வட்டம் வட்டமாக மிதக்கும்! ஆகவே உப்பு என்று சொல்லுங்கள். சுடுகிற அடுப்பு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், அதற்கு மனம் ஒப்பாவிட்டால் கம்பிப் பக்கமே போகவேண்டாம்.

பயமில்லாமல் சாப்பிடக்கூடியது எடமாமே, அதாவது தோலோடு அவித்த பச்சை சோயா அவரை. ஹியயாக்கோ, அதாவது குளிர்ந்த தோஃபு, அதுவும் நல்லது. மேலே மீன் சீவலைத் தூவிவிடுவார்கள், வேண்டாம் என்று முதலே சொல்லவேண்டும். இஞ்சியும் வெங்காயத்தாளும் சோயா சோஸும் போதும். உருளைக்கிழங்கு சலாட் அப்பாவி மாதிரித் தெரியும், உள்ளே முட்டை சேர்ந்த மயோனைஸ், பல இடங்களில் ஹாம் என்ற பன்றி இறைச்சியும் கூட.

கணக்குப்பிள்ளை:
மனேஜர் காசு கொடுக்கிறார், நீங்கள் தப்பினீர்கள். நாங்கள் நண்பர்களாகப் போய் ஒவ்வொரு குட்டித் தட்டாகச் சொல்லிக்கொண்டே இருந்தோம். அப்புறம் பில்லில் 10 வீதம் சேவைக் கட்டணம், 18 வீதம் வற் வரி. அதற்குப் பிறகு ஆளாளுக்கு முகத்தைப் பார்த்தோம். வெள்ளிக்கிழமை போயாவா (பௌர்ணமி விடுமுறையா) என்றும் பாருங்கள், அன்றைக்கு பியர் ஊற்ற மாட்டார்கள்.

வெள்ளவத்தை_வாணி:
போயா இல்லை, பார்த்துவிட்டேன். அண்ணா, பியர்ப் போத்தலோடு மனேஜர் என் பக்கம் திரும்பினால் என்ன செய்வது?

ஒசாக்கா_அடுப்படி:
இருந்தவுடனேயே ஊலொங் தேநீர் சொல்லிவிடுங்கள். ஜப்பானில் குடிக்காதவர்கள் வழக்கமாகக் கேட்பது அதுதான், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். எல்லோருக்கும் கிளாஸ் வரும்வரை வாய் வைக்கவேண்டாம், கிளாஸை உயர்த்தி எல்லோரும் கம்பாய் (சியர்ஸ்) சொன்ன பிறகுதான் முதல் மடக்கு. அவருடைய கிளாஸ் காலியானால் நீங்கள் ஊற்றிக் கொடுங்கள், ஆளுக்குச் சந்தோசமாக இருக்கும். கடைசியில் சோறு வந்தால் குச்சிகளை அதில் நட்டு வைக்காதீர்கள். அங்கே அது செத்தவீட்டுப் படையல்.