அப்பாயி அந்த ரயிலில் ஏறவே இல்லை என்று இப்போது தெரிகிறது. வீட்டில் சொல்லலாமா?

பனங்காடு:
எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி, தனுஷ்கோடிப் புயல். பாம்பனில் இருந்து 11.55க்குக் கிளம்பிய பாசஞ்சரில் அப்பாயி ஏறி உட்கார்ந்துவிட்டார். மடியில் ஆறு மாசக் கைக்குழந்தை, அதாவது என் அப்பா. பிள்ளைக்கு உடம்பு கொதித்தது, ஒரே அழுகை. இறங்கிவிட்டார். போன வண்டியைத் தனுஷ்கோடிக்குச் சற்று முன்னால் கடல் வாரிக்கொண்டது. "அன்னைக்கு இவன் அழுகலேன்னா நீங்க யாருமே இல்ல" என்பார். பிளாட்பாரத்தில் நனைந்து கிடந்த மிளகாய்ச் சாக்கின் நெடியை அவர் சொல்லும்போது எனக்கே மூக்கு எரியும்.

வருஷா வருஷம் டிசம்பர் 22 அன்று முப்பது பேருக்குச் சாப்பாடு போடுகிறோம். அப்பா வேலையை விட்டுத் தொழில் தொடங்கியதுகூட "இது கூடுதலாக் கிடைச்ச உயிர்தானே" என்று சொல்லித்தான்.

போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது தாத்தாவின் கணக்கு நோட்டு கிடைத்தது. அவர் மிளகாய் வற்றல் வியாபாரி, 1978இல் இறந்துவிட்டார். மார்கழிப் பக்கத்தில் பென்சிலில் இருக்கிறது: "வீட்டில் பரமக்குடி. மாசமாக இருப்பதால் அங்கேயே இருக்கட்டும்." தை மாதத்தில்: "ஆண் பிள்ளை. இருவரும் சுகம்."

புயலன்று அப்பா பிறக்கவே இல்லை. அப்பாயி பரமக்குடியில், அவர் அம்மா வீட்டில். அவருக்கு இப்போது 82 வயசு. என்ன செய்ய?

கணக்கர்77:
சொல்லிவிடுங்கள். வயதானவர் மனது புண்படும் என்பது புரிகிறது, அதைப் பக்குவமாகச் செய்யலாம். ஆனால் அந்த வண்டியில் உண்மையாகவே ஆட்கள் செத்திருக்கிறார்கள். 110 பயணிகள், 5 ரயில்வே ஊழியர்கள் என்பது பதிவு. அந்தச் சாவுக்குப் பக்கத்தில் நாமும் ஒரு இருக்கை போட்டுக்கொள்வது சரியில்லை என்று நினைக்கிறேன்.

செல்வி_டீச்சர்:
கணக்கர் சார், அந்த 115 எப்படி வந்தது? டிக்கெட் கணக்கு. டிக்கெட் இல்லாமல் ஏறினவர்களைச் சேர்த்தால் இருநூறுக்குப் பக்கம் வரும் என்று அந்தப் பக்கத்துக் கடலோரத்தில் இன்றும் சொல்வார்கள். ஏட்டில் ஏறாதவர்கள் சாகவில்லையா?

நான் நாகப்பட்டினம் பக்கம் பிறந்தவள். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள். உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. காரெல்லாம் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம். அதுவும் ஏடுதான், சார். சேரியில் கிழவிகள் ஒப்பாரியில் சொன்னது வேறு. எதைக் கேட்டு நான் வளர்ந்தேனோ அதுதான் என்னை டீச்சர் ஆக்கியது.

கணக்கர்77:
டீச்சர், கீழ்வெண்மணிக் கிழவிகள் அங்கே இருந்தவர்கள். பனங்காட்டின் அப்பாயி அங்கே இல்லை. நீங்கள் சொல்லும் உதாரணமே நான் சொல்வதைத்தான் காட்டுகிறது. நேரில் கண்டவர்களின் வார்த்தைக்கு மதிப்பு இருக்க வேண்டுமானால், காணாதவர்களின் வார்த்தையையும் அதே தட்டில் வைக்கக் கூடாது. நாளைக்கு ஒருத்தன் வந்து "எல்லாமே பாட்டி கதை" என்று கீழ்வெண்மணியையும் தள்ளிவிடுவான்.

மழைக்காகம்:
அப்பாயி பொய் சொன்னார் என்று மட்டும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தில் உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர், செய்தி எப்படித் தெரிந்தது, எங்கே இருந்தீர்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கி வைத்துக்கொண்டார். சுமார் இரண்டரை வருஷம் கழித்து 44 பேரிடம் மறுபடி கேட்டார். 11 பேருக்கு ஒரு விவரம்கூடப் பொருந்தவில்லை. ஆனாலும் பலர் நல்ல உறுதியோடு சொன்னார்கள். சொந்தக் கையெழுத்தை எடுத்துக் காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை.

இரண்டரை வருஷத்துக்கே அப்படி. அப்பாயிக்கு அறுபது வருஷம். பனங்காடு, ஒரு கேள்வி. "ஆறு மாசக் குழந்தை" என்பது எங்கிருந்து வந்தது? அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி என்ன?

பனங்காடு:
10-6-1964. நோட்டைப் பார்க்கும் வரை நாங்கள் எல்லோரும் அதைத்தான் நம்பினோம்.

செல்வி_டீச்சர்:
ஐயோ, அந்த ஜூன் தேதி! அந்தக் காலத்தில் பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயசு. ஹெட்மாஸ்டர் ஜூனில் ஒரு தேதி போட்டுக்கொள்வார். நான் வேலைக்குச் சேர்ந்த பள்ளியின் பழைய ரிஜிஸ்டரில் முக்கால்வாசிப் பிள்ளைகள் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள்.

இதையும் யோசியுங்கள், கணக்கர் சார். அப்பாயியின் கதைக்குள் ஆறு மாசக் குழந்தையைக் கொண்டுவந்து வைத்ததே அந்தச் சான்றிதழாக இருக்கலாம். ஏடு கதையைத் திருத்தவில்லை, கெடுத்திருக்கிறது.

கணக்கர்77:
ஏற்கிறேன். அதைக் கண்டுபிடித்ததும் இன்னொரு ஏடு என்பதை நீங்களும் ஏற்க வேண்டும்.

முத்துநகர்வாசி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இந்தோனேசியாவில் சிமலூ என்று ஒரு தீவு. 1907இல் ஒரு சுனாமி அடித்தது. அதற்கு "ஸ்மோங்" என்று பெயர் வைத்து, தாலாட்டிலும் கதையிலும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள்: நிலம் பலமாக ஆடி, கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு. 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த அந்தத் தீவில், எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களில் 7 பேர்தான் இறந்தார்கள். 1907 பற்றி ஆளுக்கொரு விதமாகச் சொல்லியிருப்பார்கள். எந்தப் பாட்டி எங்கே நின்றாள் என்பதா முக்கியம்? பனங்காடு வீட்டில் முப்பது பேர் சாப்பிடுகிறார்கள். விட்டுவிடுங்கள்.

கணக்கர்77:
அண்ணாச்சி, ஸ்மோங் கதை காப்பாற்றியது, கடல் பின்வாங்கும் என்ற விஷயம் அதில் சரியாக இருந்ததால்தான். அதைத் தப்பாகச் சொல்லி வந்திருந்தால் அத்தனை பேரும் கரைக்கு மீன் பொறுக்கப் போயிருப்பார்கள்.

அப்புறம், பனங்காடு தம்பி, நாம் எல்லோரும் உங்கள் அப்பாயியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். உங்கள் தாத்தா அன்றைக்கு எங்கே இருந்தார்? நோட்டில் 22ஆம் தேதிக்கு என்ன எழுதியிருக்கிறார்?

பனங்காடு:
மன்னிக்கவும், இரண்டு நாள் ஆகிவிட்டது. தாத்தாவின் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். என் கண்ணில் அப்பாவின் பிறப்பு மட்டும்தான் பட்டிருந்தது, மற்றதைப் படிக்கவே இல்லை. இப்போது பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். அப்படியே தருகிறேன்.

"22. பாம்பன். மழை விடவில்லை. மூட்டை 4 நனைந்தது. வண்டியில் ஏற்றவில்லை."

அதற்குப் பிறகு ஆறு நாள் ஒன்றுமே எழுதவில்லை. பாலமும் அன்று உடைந்துபோனது, படகில்தான் வந்திருப்பார். அடுத்த வரி:

"பரமக்குடி வந்தேன். மூட்டை 1 மிச்சம். பூஞ்சை. வீட்டில் அழுகை."

அவ்வளவுதான்.

மழைக்காகம்:
படித்துவிட்டு எழுந்து வெளியே போய் நின்றேன்.

நியூசிலாந்தில் இரட்டையர்களை வைத்து 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வு உண்டு. சின்ன வயதில் நடந்த ஒரே சம்பவத்தை, "அது எனக்கு நடந்தது" என்று இரண்டு பேரும் சொல்வார்கள். இரண்டு பேரும் உண்மையாகவே நம்புவார்கள். கேட்ட கதை அடிக்கடி மனதில் ஓடினால் அதுவே கண்டதாக ஆகிவிடும்.

செல்வி_டீச்சர்:
அந்த மிளகாய் நெடி! அது பாம்பனில் இல்லை, பரமக்குடி வீட்டில். நிறைமாதக்காரி, புருஷன் செத்துவிட்டான் என்று ஆறு நாள் நினைத்திருப்பாள். அவன் ஒரு பூஞ்சை பிடித்த மூட்டையோடு வாசலில் வந்து நிற்கிறான். அந்தம்மா சொன்ன நெடி நிஜம், கணக்கர் சார்.

கணக்கர்77:
நிஜம்தான் டீச்சர். ஆனால் ஒன்று சொல்ல விடுங்கள். அன்று பிழைத்த மனுஷன் வேறு ஒருவர். இந்த வீட்டுக் கதையில் அவருக்கு இடமே இல்லை. 1978இல் போனவரை அதன் பிறகு யாரும் பாம்பனில் வைத்து நினைக்கவே இல்லை. இதற்காகத்தான் முதலிலேயே சொல்லிவிடுங்கள் என்றேன். அப்போது எனக்கே காரணம் சரியாகத் தெரியவில்லை.

முத்துநகர்வாசி:
நான் விட்டுவிடச் சொன்னதை இந்த ஒரு விஷயத்தில் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். சாப்பாட்டை நிறுத்திவிடாதீர்கள்.

பனங்காடு:
நேற்று அப்பாயி பக்கத்தில் உட்கார்ந்து அந்த இரண்டு வரியையும் படித்துக் காட்டினேன். மற்ற எதையும் சொல்லவில்லை. நோட்டை வாங்கி அந்தப் பக்கத்தை முகர்ந்து பார்த்தார். "தாடியும் மீசையுமா வந்தாரு. சாக்க வாசல்லயே போடுங்கன்னு எங்காத்தா கத்துச்சு" என்றார். இந்த வாக்கியத்தை நான் இதுவரை கேட்டதே இல்லை. அப்பாவும் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நானும் அங்கதான் நின்னேன்" என்றார்.

நான் மறுத்துப் பேசவில்லை. இந்த 22ஆம் தேதி இலை போடும் முன்னால் நோட்டை அவர் கையில் கொடுத்துச் சொல்லச் சொல்லப் போகிறேன். வாசலில் இருந்து தொடங்குகிறாரா, பாம்பனில் இருந்து தொடங்குகிறாரா என்பதை அவரே பார்த்துக்கொள்ளட்டும். தாத்தாவின் போட்டோ ஒன்றே ஒன்று இருக்கிறது, கறை பிடித்தது. கண்ணாடி போடக் கொடுத்திருக்கிறேன்.