எம்.பி.வி.க்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி

(கோத்தகிரி வீட்டார் குழு)

கவிதா, காலை 7:10
மாமா, அம்மாவின் இரத்தப் பரிசோதனை அறிக்கை நேற்றிரவு வந்தது. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) 1,72,000 இருக்கின்றன; ஆனால் எம்.பி.வி. 12.8 என்று போட்டு, மேல்நோக்கிய அம்புக்குறியும் இட்டிருக்கிறார்கள். கூகுளில் தேடினால் மாரடைப்பு என்கிறது. எனக்குத் தூக்கமே வரவில்லை.

பெரிய மாமா, 7:31
எம்.பி.வி. என்பது தட்டணுக்களின் சராசரிப் பருமன், கவிதா. எலும்பு மஜ்ஜையிலுள்ள மெகாகேரியோசைட் என்னும் பெரிய செல்லிலிருந்து பிரியும் துண்டுகளே தட்டணுக்கள். 7 முதல் 10 நாள் வரை வாழும். பருமன் கூடியவற்றில் உறைதலுக்கு உதவும் துகள்கள் மிகுதி என்பதால் அவை விரைந்து செயல்படும். எண்ணிக்கை குறைந்து பருமன் மட்டும் கூடியிருந்தால், தட்டணுக்கள் எங்கோ அழிகின்றன, மஜ்ஜை புதியவற்றை அவசரமாக அனுப்புகிறது என்று ஐயுறுவார்கள். இரண்டுமே குறைந்திருந்தால் மஜ்ஜையையே சந்தேகிப்பார்கள். அம்மாவுக்கு எண்ணிக்கை சரியாகத்தானே இருக்கிறது?

சுரேஷ், 7:40
அப்படியானால் பெரிதாக இருப்பது நல்லதுதானே, மாமா?

பெரிய மாமா, 7:52
எப்போதும் இல்லை, தம்பி. 1948இல் பிரான்சில் பெர்னார், சூலியே என்ற இரு மருத்துவர்கள் விவரித்த பரம்பரை நோயில் தட்டணுக்கள் பூதாகரமாக இருக்கும். ஆனால் இரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டுவதற்கான புரதம் குறைபட்டிருப்பதால் இரத்தம் எளிதில் நிற்காது. மாறாக, மேற்கு வங்கத்தில் பருமன் கூடி எண்ணிக்கை குறைந்தும் எந்தத் தொல்லையும் இல்லாதவர்கள் உண்டு. மாரடைப்பு வந்தவர்களிடம் இந்தச் சராசரி சற்றுக் கூடியிருப்பதை ஆய்வுகள் கண்டது உண்மைதான். அதற்காக இந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து எந்த மருத்துவரும் இதயநோய் என்று முடிவுகட்ட மாட்டார். அது இருக்கட்டும், இரத்தத்தை எங்கே எடுத்தார்கள், எங்கே சோதித்தார்கள்?

கவிதா, 7:58
காலை எட்டு மணிக்கு இங்கே எடுத்தார்கள். மேட்டுப்பாளையம் சாலையில் மரம் விழுந்ததால் மாலையில்தான் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்ததாம்.

பெரிய மாமா, 8:09
அதைத்தான் நினைத்தேன். ஊதா மூடிக் குழாயில் இரத்தம் உறையாமலிருக்க இ.டி.டி.ஏ. என்ற உப்பு இருக்கும். அதில் நேரம் ஆக ஆகத் தட்டணுக்கள் உப்பிக்கொண்டே போகும். பறித்த பச்சைத் தேயிலையைப் பொழுது முழுவதும் சாக்கில் அடைத்துவைத்துவிட்டு, இலை சூடேறிப் போனதற்குத் தோட்டத்தைக் குறைசொல்ல முடியுமா? இரண்டு மணி நேரத்துக்குள் சோதிக்கும் இடத்தில் மறுபடி பார்த்துவிட்டு, இரண்டு அறிக்கைகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அம்மா, 8:15
அண்ணா, நாளை குன்னூரிலேயே கொடுத்துவிடுகிறேன். வெறும் வயிற்றோடு போக வேண்டுமா?

பெரிய மாமா, 8:17
இதற்குத் தேவையில்லை, இட்லி சாப்பிட்டுவிட்டே போ. இரத்தம் எடுத்த நேரத்தையும் சோதித்த நேரத்தையும் அறிக்கையில் குறிக்கச் சொல்லி வாங்கிக்கொள்.