தடியடி ‘நடத்தப்பட்டது’, கல்லை மட்டும் ‘கும்பல்’ எறிந்தது

கொக்கிரகுளத்துக்காரன்:
பழைய பேப்பரை எடைக்குப் போட எடுத்தபோது 2012 செப்டம்பர் தாள் ஒன்று கையில் வந்தது. கூடங்குளம் அணு உலையை முற்றுகையிடப் போன இடிந்தகரை மக்களைப் போலீஸ் கடற்கரையில் அடித்து விரட்டிய செய்தி. அதே 10-ஆம் தேதி தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஒரு மீனவர் செத்தார். செய்தியில் தடியடி ‘நடத்தப்பட்டது’ என்று இருக்கிறது, யார் நடத்தினார்கள் என்று இல்லை. கல்லை மட்டும் ‘கும்பல்’ எறிந்ததாம். பிள்ளைகுட்டியோடு மணலில் உட்கார்ந்திருந்த பெண்களும் அந்த ஒரு சொல்லுக்குள் போய்விட்டார்கள். எனக்கு மனசு ஆறவில்லை.

மேலப்பாளையம் வாசகர்:
அண்ணாச்சி, கல் எறிந்தவனை எப்படி எழுதச் சொல்கிறீர்கள்? மறியல் என்று ரோட்டில் உட்கார்ந்தால் வள்ளியூர் பஸ்ஸில் மாட்டிக்கொண்டு தண்ணிகூட இல்லாமல் தவிக்கிறவனும் பொதுஜனம்தானே, அவனுக்காக யார் எழுதுவது? படம் எடுக்க வந்த பையன் கேமராவைப் பிடுங்குவது, பிடிக்காததை எழுதினால் ‘கைக்கூலி’ என்பது, இதெல்லாம் நாகரிகமா?

பகுதிநேர நிருபராக இருந்தவன்:
கைக்கூலி என்ற பேச்சை நானும் வாங்கியிருக்கிறேன், வலிக்கும். ஆனால் உள்ளே நடப்பதையும் சொல்கிறேன். சாயங்காலம் போலீஸ் தரப்பு அறிக்கை வந்துவிடும், அடிபட்டவர்கள் ஆஸ்பத்திரியிலோ லாக்கப்பிலோ இருப்பார்கள், பக்கம் முடிக்க நேரம் இருக்காது. அப்படித்தான் ‘லேசான தடியடி’ அப்படியே அச்சாகும். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லைக் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் வந்தவர்களில் 17 பேர் செத்தார்கள், ஒன்றரை வயதுக் குழந்தை உட்பட. ‘ஆற்றில் மூழ்கி பலி’ என்று மட்டும் தலைப்பு வைத்தால், தடிக்குப் பயந்துதான் ஜனங்கள் தாமிரபரணியில் இறங்கினார்கள் என்பது எங்கே போகும்?

மேலப்பாளையம் வாசகர்:
அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2012 பிப்ரவரியில் பிரதமர் மன்மோகன் சிங்கே கூடங்குளம் போராட்டத்துக்குப் பின்னால் அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் இருக்கின்றன என்றார். பிரதமர் சொன்னதைப் பேப்பர் போடாமல் இருக்க முடியுமா?

இடிந்தகரைப் பெண்:
போடட்டும் அண்ணே, யார் வேண்டாம் என்றது? எங்களிடமும் கேட்டு அதே பக்கத்தில் போட வேண்டும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் கடல்பாட்டில், அதாவது மீன் பிடித்து வந்த வருமானத்தில், ஒரு பங்கைப் போராட்டப் பந்தலுக்குக் கொடுத்தோம், அம்மா பீடி சுற்றின கூலியிலும் கொடுத்தாள். மாதா கோயில் முன்னால் அந்தப் பந்தலில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தோம். ஒரு நிருபர் வந்தார், “சாப்பாட்டுக்கு யார் பணம் தருகிறார்கள்” என்று கேட்டார், அம்மா பதில் சொல்லி முடிக்குமுன் நோட்டை மூடிவிட்டார்.

கொக்கிரகுளத்துக்காரன்:
1908 மார்ச் 13 அன்று வ.உ.சி. கைதான செய்தி கேட்டு நெல்லையில் எழுந்தவர்களையும் வெள்ளைக்காரன் கலகக்காரர்கள் என்றுதான் எழுதினான். போலீஸ் சுட்டு நாலு பேர் செத்தார்கள். இன்று நாம் அதை எழுச்சி என்கிறோம்.

மேலப்பாளையம் வாசகர்:
அன்று முனிசிபல் ஆபீஸ் எரிந்ததே, அதை மறைக்கலாமா?

கொக்கிரகுளத்துக்காரன்:
மறைக்கக் கூடாது. எரிந்ததையும் எழுத வேண்டும், சுட்டது யார் என்பதையும் எழுத வேண்டும்.

இடிந்தகரைப் பெண்:
அன்றைக்குக் கடற்கரையில் கண்ணீர்ப்புகை போட்ட பிறகு அம்மா ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தாள், கண் திறக்க முடியவில்லை, நான்தான் தண்ணீர் விட்டுக் கழுவினேன். மறுநாள் பேப்பரை வாசிக்கச் சொன்னாள். ‘கும்பல்’ என்ற இடத்தில் நான் ‘ஜனங்கள்’ என்று மாற்றி வாசித்தேன்.

மேலப்பாளையம் வாசகர்:
தங்கச்சி, உங்கள் அம்மாவை அப்படி எழுதியது தப்பு. கேமராவை உடைத்தவன் பெயரும் அதே பக்கத்தில் வர வேண்டும் என்பதில் மட்டும் நான் மாறவில்லை.