ஒரே ஒரு காட்சியில் படமோ தொடரோ கவிழ்ந்த இடம் எது? காரணத்தோடு சொல்லுங்கள்

கடைசி ரீல்:
'ஹவ் ஐ மெட் யுவர் மதர்', பிள்ளைகளின் அம்மாவைச் சந்தித்த கதையை அப்பா அவர்களுக்குச் சொல்லும் அமெரிக்க நகைச்சுவைத் தொடர். ஒன்பதாவது சீசனில் மொத்தம் 24 எபிசோடு, அதில் 22 எபிசோடு ஒரே கல்யாண வார இறுதி. அவ்வளவு இழுத்துக் கட்டிவைத்த பார்னியும் ராபினும் கடைசி இரட்டை எபிசோடில் வந்து நின்று, "பிரிந்துவிட்டோம்" என்று ஒரு வசனத்தில் முடித்துவிடுகிறார்கள். அந்த வசனம்தான் இன்னும் உறுத்துகிறது. பிள்ளைகள் சோபாவில் உட்கார்ந்து, ராபினிடமே போகச் சொல்லி அப்பாவுக்குப் பதில் சொல்லும் முடிவுக் காட்சியை இரண்டாவது சீசன் சமயத்திலேயே எடுத்துப் பூட்டிவைத்துவிட்டார்கள். நடித்தவர்கள் வளர்ந்துவிடுவார்கள் என்ற பயம். முடிவு 2006-லேயே உறைந்துபோனது, பாத்திரங்களோ 2014 வரை மாறிக்கொண்டே வந்தார்கள். பழைய முடிவோடு ஒட்டவைக்க ஒரு கல்யாணத்தைக் கலைக்க வேண்டும், தலைப்பில் இருக்கிற அம்மாவைக் கொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் செய்தார்கள். கல்யாணத்தைப் பத்து எபிசோடில் முடித்து, பிரிவுக்கும் அம்மாவின் நோய்க்கும் மிச்சத்தைக் கொடுத்திருந்தால் இதே முடிவு நின்றிருக்கும்.

நிழல்படம்:
கேம் ஆஃப் த்ரோன்ஸ், எட்டாவது சீசன், மூணாவது எபிசோடு, அந்த ராத்திரிப் போர். 82 நிமிஷம். வாள்களில் எரியும் தீ தூரத்தில் ஒவ்வொன்றாக அணையும் இடம் பிரமாதம், அங்கே இருட்டுக்கு வேலை இருந்தது. ஆனால் மேகத்துக்குள் டிராகன்கள் கடித்துக்கொள்ளும் இடம்? எது யாருடையது என்றே தெரியவில்லை. ஒன்று கீழே விழுந்தபிறகுதான் கணக்குப் போட முடிந்தது. ராத்திரி, பனிப்புயல், மூட்டம் மூன்றையும் ஒரே காட்சியில் போட்டால் ஆள் அடையாளம் காட்ட நெருப்பு மட்டும்தான் மிச்சம். எழுதும்போதே யோசித்திருக்க வேண்டும்.

பிக்சல் மாமா:
நிழல்படம், எழுத்தைக் குறை சொல்லாதீங்க. ஒளிப்பதிவாளரே "டிவியை ஒழுங்கா செட் பண்ணலை"ன்னு சொன்னார். அதுவும் பாதிதான் உண்மை. சாதாரண 8 பிட் வீடியோவில் வெளிச்சத்துக்கு 0 முதல் 255 வரை எண் உண்டு, அதில் கருப்பு 16, வெள்ளை 235. மொத்தம் 220 படி. அந்த எபிசோடு முழுக்க அடியில் இருக்கிற கொஞ்சம் படிகளுக்குள்ளேயே நடக்குது. சுருக்கும் மென்பொருள் இருட்டான பகுதிக்குக் குறைவாத்தான் பிட் ஒதுக்கும். நகரும் புகைதான் அதுக்கு எமன், ஒவ்வொரு ஃப்ரேமிலும் எல்லாப் புள்ளியும் மாறும். அதனாலதான் வானத்தில் வளையம் வளையமா கோடு, கட்டம் கட்டமா திட்டு.

சரி, டிவியில் பார்க்க வேண்டியதையும் சொல்லிடறேன். முதலில் மின்சாரச் சிக்கனம், சுற்றுவெளிச்ச சென்சார் ரெண்டையும் அணைங்க, இருட்டறையில் அதுங்க படத்தை இன்னும் மங்க வைக்கும். பிக்சர் மோடை 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' ஆக்குங்க. அடுத்து எச்டிஎம்ஐ பிளாக் லெவல்: செட்டாப் பெட்டியோ பிளேயரோ 'ஃபுல்' (0-255) அனுப்பி டிவி 'லிமிடெட்' (16-235) எதிர்பார்த்தா நிழல் எல்லாம் ஒரே கருப்பா அமுங்கிடும். தலைகீழா இருந்தா கருப்பு சாம்பலாத் தெரியும். ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும். 'பிரைட்னெஸ்' பொத்தான் பல டிவிகளில் வெளிச்சத்துக்கு இல்லை, கருப்பு மட்டத்துக்கு. சோதனைப் படத்தில் 16-ஆம் பட்டை தெரியக்கூடாது, 18, 19 லேசாத் தெரியணும், அங்கே நிறுத்துங்க. காமா (நடுத்தர நிழல்கள் எவ்வளவு இருட்டா வரணும்கிற அமைப்பு) இருட்டறைக்கு 2.4, வெளிச்சம் இருந்தா 2.2. காட்சிக்குக் காட்சி தானா வெளிச்சத்தை மாத்தற டைனமிக் கான்ட்ராஸ்ட் வேண்டவே வேண்டாம். இவ்வளவும் பண்ணினாலும் ஸ்ட்ரீமில் வளையம் போகாது, ப்ளூ-ரே வட்டில் பார்த்தா பெருமளவு போகும்.

நிழல்படம்:
வட்டு வாங்கினால்தான் டிராகன் தெரியும் என்றால் அது யார் குறை?

மைய ஸ்பீக்கர்:
டெனெட், 2020. பந்தயப் படகுக் காட்சி. ஹெட்செட்டில் பேசிக்கொண்டே கடலில் பறக்கிறார்கள். கதைக்குத் தேவையான தகவல் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது, காற்றும் இசையும் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. பேச்சுப் புரிவது மெய்யெழுத்துகளால். அவை கிட்டத்தட்ட 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் வரும். காற்றிரைச்சல் அங்கேயும் பரவுகிறது, ஹெட்செட் ஒலி என்று காட்ட அலைவரிசையைக் குறுக்குவதும் அதே பேச்சைத்தான். இசையில் அந்தப் பகுதியை மட்டும் 3 டெசிபல் குறைத்திருந்தாலே பாதி வசனம் எழுந்து வந்திருக்கும். வேண்டுமென்றே செய்த ஒலிக்கலவை என்பதால் கோபம் இன்னும் கூடுகிறது.

ஃபேடர் 7:
மைய ஸ்பீக்கர் சொல்வது கலவையைப் பற்றிச் சரி. ஆனால் திரையரங்கையும் சேர்க்க வேண்டும். கலக்கும் அறையில் ஒலிச் செயலியின் ஃபேடர், அதாவது ஒலியளவுக் கட்டுப்பாடு, 7-இல் இருக்கும். ஒரு முன் சேனலுக்கு 85 டெசிபல் என்ற அளவு. "சத்தம் அதிகம்" என்று யாராவது முறையிட்டதும் ஆபரேட்டர் 5-க்கு இறக்குவார். ஒரு படிக்குச் சுமார் 3.3 டெசிபல். ஆக ஏறக்குறைய 6.7 டெசிபல் போச்சு. வெடிச்சத்தம் அப்போதும் கேட்கும், முணுமுணுப்பு ஏசி இரைச்சலில் கரைந்துவிடும்.

வீட்டில் வேறு சிக்கல். இரண்டே ஸ்பீக்கர் உள்ள டிவிக்கு 5.1 (ஐந்து ஸ்பீக்கருக்கும் ஓர் அடி ஒலிப் பெட்டிக்கும் உரிய ஒலி) போனால், மைய சேனலின் வசனம் 3 டெசிபல் குறைந்து இரு பக்கமும் பிரிந்து இசையோடு கலக்கிறது. ஸ்ட்ரீமிங் ஆப்பில் ஸ்டீரியோ தடம் தனியாக இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ரிசீவர் (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) இருந்தால் மைய சேனலை மட்டும் 2, 3 டெசிபல் ஏற்றுங்கள். 'நைட் மோட்' போட்டால் சிறிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். பேஸை ஏற்றாதீர்கள், பேச்சு மேலும் அமுங்கும்.

வெட்டுமேசை:
யாரும் மீசையைச் சொல்லவில்லையே! ஜஸ்டிஸ் லீக், 2017. படம் தொடங்குவதே சூப்பர்மேனைப் பிள்ளைகள் செல்போனில் பேட்டி எடுக்கும் காட்சியில், அதிலேயே மேலுதடு அந்நியமாக நிற்கிறது. மறுபடப்பிடிப்பு நடந்தபோது நடிகர் இன்னொரு படத்துக்காக மீசை வைத்திருந்தார், மழிக்க அனுமதி இல்லை, கணினியில் அழித்தார்கள். பேசும்போது மேலுதடு தூக்கும், மூக்கோரத்திலிருந்து வாய் முனைக்கு இறங்கும் மடிப்பு ஆழமாகும், கன்னமும் கூடவே நகரும். நடுவில் ஒட்டிய துண்டு மட்டும் நகராவிட்டால் கண் உடனே பிடித்துவிடும். அதைக் கொண்டுபோய் முகம் மட்டும் நிரம்பிய ஷாட்டில் முதல் காட்சியாக வைத்தது எடிட்டிங்கில் செய்த தப்பு. அகலமான ஷாட்டாகவோ, முதுகுப் பக்கமிருந்தோ எடுத்திருந்தால் பாதி வேலை மிச்சம்.

கடைசி ரீல்:
பிக்சல் மாமா, ஃபேடர் 7, காட்சியைக் கேட்டால் சர்வீஸ் மேனுவல் தருகிறீர்கள். அதே கேம் ஆஃப் த்ரோன்ஸில் வெளிச்சம் நன்றாக இருந்தும் கவிழ்ந்த இடம் உண்டு: ஏழாவது சீசன், ஆறாவது எபிசோடு. ஒருத்தன் வடக்கெல்லைப் பனிச்சுவர் வரை ஓடி, கடிதக் காக்கை டிராகன்ஸ்டோன் தீவுக்குப் பறந்து, அங்கிருந்து டிராகன் உதவிக்கு வருகிறது. அதுவரை ஏரி நடுவே பாறையில் அதே ஆட்கள். எத்தனை நாள் என்று காட்ட ஒரு ஷாட் கிடையாது. முதல் சீசன்களில் ஊருக்கு ஊர் போகவே எபிசோடுகள் ஆகும்.

பிக்சல் மாமா:
ஏரி மறுபடி உறைவதைக் காட்டினாங்களே, அதுதான் நாள் கணக்கு. ஆனா யாருக்கும் பசியும் இல்லை, தாடியும் வளரலை. ஒத்துக்கறேன்.